மேற்கே கறுத்த ஞாயிறு

லூமுட் கடலில் முதன்முறை இறங்கிய அன்று கலாதேவிக்குப் பயமே வரவில்லை. அவளுடைய அம்மா நவமணிக்குப் பயத்தைக் கொடுத்தது அதுதான்.

படகுகள் கட்டும் ஜெட்டியின் ஓரத்தில் இரும்புத் தூக்கி ஒன்று இருந்தது. சக்கர நாற்காலியிலிருந்து கலாவை எடுத்து, துணித் தொட்டில் போன்ற ஒன்றில் உட்காரவைத்து, அந்தத் தூக்கியால் மெல்லப் படகுக்குள் இறக்கினார்கள். கீழே பழுப்புத் தண்ணீர் தூண்களை நக்கிக்கொண்டிருந்தது. மகள் பிறந்ததிலிருந்து அவளைத் தூக்கித் தூக்கியே முதுகு வளைந்துபோன நவமணி, கைப்பையை மார்போடு அணைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். பாய் விரிந்தது. படகு நகர்ந்தது. கலா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வேனில் ஈப்போவுக்குத் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்து மகளின் ஈர உடையை மாற்றும்போதுதான் நவமணி பேசினாள்.

"நீ பயந்திருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்லா."

கலாவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. முதுகெலும்பில் கோளாறோடு பிறந்தவள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் சாலையை விட்டு உள்ளே போனால் வரும் பழைய ரப்பர் தோட்டத்தில் அவர்கள் வீடு. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையிலும் பாதியை அழித்து வீடமைப்புக்காரனுக்கு விற்றார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எஞ்சியிருந்த சில குடும்பங்களில் இவர்களுடையதும் ஒன்று. ஜொகூருக்கு லோரி ஓட்டப்போன அப்பா அங்கேயே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். நவமணி ஈப்போவில் ஒரு பேரங்காடியில் தரை துடைத்து மகளை வளர்த்தாள். தமிழ்ப்பள்ளி ஒரே தளமாக இருந்ததால் படிப்பு ஓடியது. இடைநிலைப்பள்ளியில் வகுப்பு மாடிக்குப் போனது. தோழிகள் கொஞ்ச நாள் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பிறகு அவர்களும் களைத்துப்போனார்கள். படிப்பு அதோடு நின்றது.

ஈப்போவை அடுத்த சிலிபினில், தவுக்கே என்று அழைக்கப்படும் ஒரு சீன முதலாளி நடத்திய இழுவை லோரிக் கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. நெடுஞ்சாலையில் கார் நின்றுபோனவர்களும் மோதிக்கொண்டவர்களும் அழைப்பார்கள். எந்த இடம், என்ன வண்டி, யாருக்காவது அடியா என்று கேட்டு லோரியை அனுப்புவது அவள் வேலை. நாளெல்லாம் பதறிய குரல்களையே கேட்டுக்கேட்டு, ஒருவர் முழுவதையும் சொல்கிறாரா, எதையாவது மறைக்கிறாரா என்பது முதல் வார்த்தையிலேயே அவளுக்குப் பிடிபட்டுவிடும்.

விஸ்வலிங்கம் அங்கேதான் அவளைப் பார்த்தார். கோப்பெங் பக்கம் நின்றுபோன தன் காரை எடுக்க வந்தவர், பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத் தமிழர். தசை இளைக்கும் நோயில் ஒரு மகளை இளம் வயதிலேயே பறிகொடுத்திருந்தார். அவள் நினைவாக ஒரு சங்கம் ஆரம்பித்து, வெளிநாட்டிலிருந்து பழைய பாய்மரப் படகுகளைத் தருவித்து, நடக்க முடியாத, பேச முடியாத, யாரும் வெளியே அழைத்துப்போகாத பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். கலா போனை வைக்கும்வரை பொறுமையாக நின்றுவிட்டு, படகு ஓட்ட வருகிறாயா என்று கேட்டார். அவளிடம் அதுவரை யாரும் எதையும் ஓட்ட வருகிறாயா என்று கேட்டதில்லை.

அந்தப் படகுகளில் இரண்டு பேர் நாற்காலியில் உட்காருவதுபோல் தாழ உட்காரலாம். நடுவில் ஒரு குச்சி. அதை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ படகு அந்தப் பக்கம் திரும்பும். ஒரு கயிற்றை இழுத்தால் பாய் விறைத்துக் காற்றைப் பிடிக்கும்; இன்னொன்றை இழுத்தால் பாய் தன் மரத்தைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும். அடியில் கனத்த பலகை இருப்பதால் சாயுமே தவிரக் கவிழாது என்றார் விஸ்வலிங்கம். சக்கரத்தைத் தள்ளித் தள்ளி உரமேறிய கைகள் கலாவுக்கு. சில மாதங்களிலேயே துணை இல்லாமல் ஓட்டினாள்.

அவளோடு உட்காரவைக்கப்பட்டவன் ரூபன். தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் ஓர் இல்லத்தில் வளர்ந்த பத்தொன்பது வயதுப் பையன். மூளைவாதத்தால் உடம்பு முழுக்க முறுக்கிக்கொண்டிருக்கும். ஒரு சொல்லை வெளியே கொண்டுவர அவன் முகம் முழுவதும் பாடுபடும். அதற்குள் கேட்டவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அவன் பேச்சு முழுமையாகப் புரிந்தது கலாவுக்கு மட்டும்தான். ஞாயிறுதோறும் படகில் அவனோடு போனபோது காத்திருக்க அவளுக்கு நேரம் இருந்தது. காற்று ஏறும்போது அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே அவள் கயிற்றை இன்னும் இழுத்துப் பிடிப்பாள்.

பயிற்சியாளன் தீபன் சித்தியவான்காரன், முப்பதைத் தாண்டியவன், கல்யாணமானவன். சிரிப்பது குறைவு. அந்த வருடத்தின் நடுவிலிருந்து அது இன்னும் குறைந்தது. பிள்ளைகளின் படகுக்குக் காவலாகப் போகும் ரப்பர் படகின் எஞ்சின் அடிக்கடி நின்றது. இழுத்து இழுத்து உயிர்ப்பிப்பான். கொஞ்ச தூரம் ஓடி மறுபடியும் இருமும். ரூபன் கீழே சரியாமல் இருக்கப் போட்டிருந்த, ஒரு முனையை இழுத்தால் கழன்றுவிடும் பெல்ட் கிழிந்துபோக, சாமான் கட்டும் லோரி பெல்ட்டை வெட்டி வைத்திருந்தான். அதன் கொக்கி நனைந்தால் இறுகும். அமைதியான நாளுக்கு மட்டும்தான் இது என்று அவனே கலாவிடம் சொன்னான். இரண்டையும் மாற்ற வேண்டும் என்று விஸ்வலிங்கத்திடம் அவன் கேட்டதை அவள் ஜெட்டியில் இருந்தபடி கேட்டாள். செப்டம்பரில் நடத்தப்போகும் காட்சி நிகழ்ச்சி முடியட்டும், பணம் தரும் ஆதரவாளர்கள் வந்து பார்த்துவிட்டால் எல்லாமே புதிதாகவே வாங்கிவிடலாம் என்றார் அவர். அந்தக் குரலில் பொய் இல்லை. ஆனால் எஞ்சினைப் பற்றிய பேச்சே அவர் காதில் விழவில்லை என்று கலாவுக்குப் பட்டது.

மீன்பிடிப் படகுக்காரர்களும் அவ்வப்போது சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த மாதங்களில் சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்று காலையிலேயே வரும். வருவதற்கு முன் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும்.

நிகழ்ச்சி வைத்திருந்த ஞாயிறு கடல் அப்படித்தான் கிடந்தது.

வேன் ஈப்போவை விட்டபோது பின்னால் வானம் வெளுத்திருந்தது. முன்னால், கடல் இருக்கும் திசையில், விடியவே இல்லை. நவமணி அன்று வேலை என்று வரவில்லை. ஜெட்டியில் கொட்டகை போட்டு, நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி சுற்றியிருந்தார்கள். துணி கொஞ்சமும் ஆடவில்லை. ஆதரவு தரும் நிறுவனத்தின் சின்னம் தைத்த புதிய பாய்கள் படகுகளில் ஏறியிருந்தன. கலாவும் ரூபனும் ஒன்றில். பாகான் டத்தோவிலிருந்து வந்திருந்த, காது கேளாத இரண்டு பள்ளி மாணவிகள் இன்னொன்றில். இரண்டையும் ஜெட்டியில் கட்டியிருந்தார்கள். தீபன் ரப்பர் படகில் கொஞ்சம் வெளியே மிதந்துகொண்டிருந்தான். விருந்தினர்கள் வரத் தாமதம். வெயில் இல்லாத புழுக்கத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். பங்கோர் தீவின் மலைமுகட்டுக்குப் பின்னால் ஒரு கறுப்பு எழும்பி, ஓரம் மட்டும் சாம்பல் நிறத்தில் உருண்டு வந்தது.

விருந்தினர்களின் கார்கள் வந்த அதே நேரத்தில் கலாவின் மடியிலிருந்த வாக்கி டாக்கியில் தீபனின் குரல் கேட்டது.

"சார், தீவுக்குப் பின்னால கறுத்துக்கிட்டு வருது. இன்னிக்கு வேணாம்."

"ஒரு பத்து நிமிஷம் தீபன். படம் எடுத்தாப் போதும். ஆக்கள் வந்து நிக்கினம்," என்றார் விஸ்வலிங்கம்.

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு தீபன் கேட்டான்:

"கலா, நீ என்ன சொல்ற?"

அவள் மேற்கே பார்த்தாள். கொட்டகையைப் பார்த்தாள். எத்தனையோ பேர் அவளைத் தூக்கியிருக்கிறார்கள், தள்ளியிருக்கிறார்கள், ஓரமாக விட்டுப் போயிருக்கிறார்கள். அவ்வளவு பேர் வரிசையாக நின்று அவளுக்காகக் காத்திருந்தது அன்றுதான்.

"போலாம்ணே. பத்து நிமிஷம்தானே."

கயிற்றை அவிழ்த்தார்கள்.

காற்றே இல்லாததால் படகுகள் நீரோட்டத்தில்தான் நகர்ந்தன. கரையில் கைதட்டினார்கள். மாணவிகளின் படகு கொஞ்சம் அதிகமாகவே வெளியே போய்விட்டது. திடீரென்று கலாவின் கழுத்துப் பின்புறம் குளிர்ந்தது. ரூபன் சிரிக்கவில்லை, மேற்கே பார்த்து வாயைத் திறந்து மூடினான். தீவு இருந்த இடத்தில் தீவு இல்லை. ஒரு வெள்ளைச் சுவர் தண்ணீரின் மேல் நடந்து வந்தது.

தீபன் விசில் ஊதினான். அந்தப் பிள்ளைகளுக்கு அது கேட்காது. அவர்கள் இன்னும் கரைக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் படகு அவர்களை நோக்கித் திரும்பியதைக் கலா பார்த்தாள். அவளாக இருந்தாலும் அங்கேதான் முதலில் போயிருப்பாள். வாக்கி டாக்கியில் அவன் குரல் அவசரமில்லாமல் வந்தது.

"கலா, பாயைச் சுருட்டு. ரூபன் பெல்ட்ட அவிழ்த்துவிட்டுடு. இவங்கள விட்டுட்டு வாரேன்."

அந்தக் குரல் எதையோ மறைக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. எஞ்சின் இருமும் சத்தம் அதன் பின்னால் கேட்டது.

பிறகு சுவர் அவர்கள்மேல் விழுந்தது. கயிற்றை இழுத்தாள், பாதி சுருண்டதும் புதிய பாய் மடிப்பில் சிக்கிக்கொண்டது. படகு ஒரே பக்கமாகச் சாய்ந்து, ரூபனின் தோள்வரை தண்ணீர் ஏறியது. கவிழாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் நிரம்பாது என்று யாரும் சொல்லவில்லை. கலா குச்சியை முழங்கையால் அழுத்திக்கொண்டு பெல்ட்டின் கொக்கியைப் பிடித்தாள். இறுகியிருந்தது. மழை ஊசியாகக் கண்ணில் குத்தியது. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். ரூபனின் முறுக்கிய கை எங்கிருந்தோ வந்து அவள் கையின்மேல் விழுந்து அழுத்தியது; உதவினானா, பயத்தில் பிடித்தானா, தெரியாது. கொக்கி விட்டது. அவன் சரிந்தான். லைஃப் ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஜெட்டிக்குத் திரும்ப முயன்றால் தூண்களில் மோதிச் சிதறுவோம் என்று தோன்றியது. காற்று போகும் வழியிலேயே படகை விட்டாள்.

அது அவர்களை ஆற்று முகத்துக்குள் தள்ளிக்கொண்டுபோய் பாக்காவ் எனும் அலையாத்திக் காட்டின் சேற்றில் செருகியது. சதுப்பு மரங்களின் வேர்கள் படகைச் சுற்றி விரல்போல் நின்றன. மழை ஓயவில்லை. ரூபனின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது. அவர்கள் பக்கம்தான் வந்தது. ஒருமுறை நின்றது, மீண்டும் பிடித்தது, மறுபடியும் நின்றது. அதற்குப் பிறகு மழைச் சத்தம் மட்டும்தான். வாக்கி டாக்கியைப் பிடித்து, அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணீர் வற்றி நண்டுகள் வெளியே வந்த பிறகு மீனவர்கள் அவர்களைக் கண்டுபிடித்தார்கள்.

மாணவிகள் இருவரையும் தீபன் ஒரு மீன்பிடிப் படகில் ஏற்றிவிட்டிருந்தான். திரும்பிப் போகாதே என்று அந்தப் படகுக்காரர்கள் சொல்லியும், இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க என்று திரும்பியிருக்கிறான். ரப்பர் படகு தலைகீழாகக் கிடைத்தது. அவன் உடலை இரண்டு நாள் கழித்து எடுத்தார்கள். கவிழ்ந்தபோது எஞ்சின் தலையில் அடித்திருக்கும் என்றார்கள்.

அதன் பிறகு ஊர் பேசியது. முடியாத பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போய் முடிந்தவனைக் கொன்றுவிட்டார்கள் என்று கோயிலில் ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்ததை நவமணி கேட்டுவிட்டு, அர்ச்சனைத் தட்டை வாங்காமலேயே வீட்டுக்கு வந்தாள்.

விஸ்வலிங்கம் ஒரு மாலையில் லயத்துக்கு வந்தார். சவரம் செய்திருக்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கலாவின் முகத்தையே பார்த்தார்.

"பிள்ளை, நான் போகச் சொல்லேல்லைத்தானே? தீபன்தானே முடிவெடுத்தது?"

பொய் சொல்லும் குரல்களைக் கலா அறிவாள். இது அப்படியில்லை. அவர் உண்மையாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் அவளைச் சில்லிட வைத்தது.

"நீங்கதான் சொன்னீங்க சார். பத்து நிமிஷம்னு."

அவர் இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தார். பயத்தில் எல்லாம் குழம்பியிருக்கும், யோசித்துப் பார் என்று இதமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் இதமாகப் பேசவில்லை. சங்கத்தின் செயற்குழுவில் இருந்த ஒருவர் வெள்ளிநிறக் காரில் இரண்டு மூன்று முறை தோட்டத்துச் சாலைக்கு வந்தார். இறங்க மாட்டார். கண்ணாடியை இறக்கி நவமணியிடம் மட்டும் பேசுவார். விசாரணை, கோர்ட் எல்லாம் இப்படிப்பட்ட பெண்ணுக்குத் தாங்காது என்றார். கலாவின் தவுக்கே தனக்கு நல்ல பழக்கம் என்றார். லயத்தை இடிக்கும்போது யாருக்கு மாற்று வீடு என்று முடிவு செய்பவர்களையும் தெரியும் என்றார். நவமணி அன்றைக்கு மகளின் காலைப் பிடித்துக்கொண்டு, ஞாபகம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடு என்று கெஞ்சினாள். கலாவுக்குக் காலில் உணர்ச்சி இல்லை. ஆனாலும் அம்மாவின் விரல்கள் சதையில் அழுந்துவதை அவளால் பார்க்க முடிந்தது.

கடல் போலீசார் லூமுட்டில் விசாரணை வைத்தார்கள். கலா நடந்ததை மலாயில் சொன்னாள். எஞ்சின், பெல்ட், தீபன் வேண்டாம் என்றது, விஸ்வலிங்கம் பத்து நிமிடம் என்றது, எல்லாவற்றையும் சொன்னாள். தீபன் அவளிடம் கேட்டதையும் அவள் பதிலையும் சொல்லவில்லை. திட்டம் போட்டு மறைத்தாள் என்று சொல்ல முடியாது. அந்த இடம் வரும்போது பேச்சு தானாக அதைத் தாண்டிப்போனது. விஸ்வலிங்கம் எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளிநிறக் கார்க்காரர் அவருக்குப் பின்னால் இருந்தார்.

அடுத்து ரூபனை அழைத்தார்கள். இல்லத்திலிருந்து வந்த பணியாளருக்கே அவன் பேச்சு சரியாகப் புரியாது. அதிகாரி தயங்கினார். அவன் பேசப் பேசக் கலாவையே அதை மலாயில் எடுத்துச் சொல்லச் சொன்னார். கேள்வி கேட்டார், ரூபனின் முகம் முறுக்கிக்கொண்டது, ஒன்றும் வரவில்லை. போதும், விட்டுவிடலாம் என்பதுபோல் அதிகாரி பேனாவை மூடினார். கொஞ்சம் காத்திருங்கள், வரும் என்றாள் கலா. அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"வே...ணாம்னாரு. தீபண்ணே."

கலா சொன்னாள். அதிகாரி எழுதினார்.

"பத்து... நிமிஷம். சாரு."

அதையும் சொன்னாள். விஸ்வலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் இருந்தவர் எழுந்துநின்று, அவள் தனக்கு வேண்டியதைத்தான் சொல்கிறாள், அவன் என்ன சொன்னான் என்று யாருக்குத் தெரியும் என்றார். அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். ரூபன் முடிக்கவில்லை. அவன் கண் கலாவின்மேல் இருந்தது. அதில் கோபம் எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டிருந்தான்.

"கலாவ... கேட்டாரு. கலா... போலாம்னா."

அந்த அறையில் அது புரிந்தது ஒருத்திக்குத்தான். அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்றுமில்லை, முடித்துவிட்டான் என்று சொன்னால் முடிந்துவிடும். மூலையில் உட்கார்ந்திருந்த தீபனின் மனைவி புஷ்பலதாவைக் கலா அப்போதுதான் பார்த்தாள்.

"தீபன் என்னிடம் கேட்டார். நான் போகலாம் என்று சொன்னேன். அதைத்தான் ரூபன் சொல்கிறான்," என்று மலாயில் சொன்னாள். அதிகாரி அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுதினார். அதற்குப் பிறகு அவள் சொன்னதில் எந்த வார்த்தையையும் யாரும் மறுக்கவில்லை. பின்னால் இருந்தவர் மீண்டும் எழவில்லை. விஸ்வலிங்கம் மட்டும் எழுந்து, தான் பத்து நிமிடம் என்று சொன்னது இப்போது ஞாபகம் வருகிறது என்று மெதுவாகச் சொன்னார். உண்மையாகவே ஞாபகம் வந்ததா என்று கலாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

விசாரணை சங்கத்தின்மேல் குற்றம் கண்டது. வழக்கு இன்னும் நடக்கிறது. திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். தவுக்கே அவளை வேலையிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் முன்புபோல் பேசுவதும் இல்லை. லயத்தில் சிவப்பு மையால் சுவர்களில் எண் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மாற்று வீட்டுப் பேச்சு நவமணியிடம் மட்டும் யாரும் எடுக்கவில்லை. காலையில் மேற்கே இருட்டினால் நவமணி கதவைச் சாத்துகிறாள், கடல் அவ்வளவு தூரத்தில் இருந்தும். முடிந்த ஞாயிறுகளில் கலா தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போய் ரூபனைப் பார்க்கிறாள். அவன் ஒருமுறை நெடுநேரம் முயன்று, படகு எங்கே என்று கேட்டான்.

புஷ்பலதா ஒரு நாள் சிலிபின் கடைக்கு வந்தாள். கவுண்டருக்கு எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில், கலா ஓர் அழைப்பை முடிக்கும்வரை, மடியில் கையைக் கோத்து உட்கார்ந்திருந்தாள். பிறகு தன் புருஷன் கடைசியாகப் பேசியது என்ன என்று கேட்டாள். கலா ஒன்றையும் கூட்டாமல், குறைக்காமல் சொன்னாள். உன்னிடம் கேட்கும்போது அவர் குரல் எப்படி இருந்தது என்று அடுத்துக் கேட்டாள். வேணாம்னு நான் சொல்லணும்னு எதிர்பார்த்த மாதிரி இருந்துச்சு என்றாள் கலா.

புஷ்பலதா கோத்த கையைப் பிரித்துத் தெருவைப் பார்த்தாள். அழவும் இல்லை, ஏசவும் இல்லை.

"இன்னும் கேக்கறதுக்கு இருக்கு. இன்னிக்கு இது போதும்," என்று சொல்லி எழுந்து, வெயிலில் இறங்கி நடந்தாள்.